தீர்மான எண் இல்லாத பேச்சு

மேடையில் நிற்பவர் வலது உள்ளங்கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தினால் அரங்கம் அடங்க வேண்டும். கல்லூரிப் பேச்சு மன்றத்தில் நான் பழகிய முதல் பாடம் இது. விரல்கள் விரியக் கூடாது. கை நடுங்கக் கூடாது. முகத்தில் கெஞ்சல் தெரியக் கூடாது. எழும் கைத்தட்டலை முழுதாக ஓடவிடாமல் பாதியில் நிறுத்தி, அந்த இடைவெளியில் அடுத்த வாக்கியத்தை வைக்கத் தெரிந்தவரே பேச்சாளர். பல ஊர் மேடைகளில் அந்தக் கையை உயர்த்தியிருக்கிறேன். நான் வாங்கிய கேடயங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் இருபுறமும் இடம் போதாமல் பீரோவின் மேல் ஏறிவிட்டன. ஒரே ஒரு முறை அந்தக் கையை உயர்த்தக் கூடாத ஆளுக்கு எதிரே உயர்த்தினேன். அந்த ஆள் என் அம்மா.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அடி அண்ணாமலையைத் தாண்டி இருக்கிறது. மலையில் பெய்யும் மழை பாறைகளின் மேல் வழிந்து, பாதைக்கு அடியில் ஒரு சிறு பாலத்தைக் கடந்து, ஒரு கால்வாயாகி எங்கள் ஏரிக்கு வரும். அந்த ஏரியின் கீழே அம்மாவுக்கு ஒரு ஏக்கர் கழனி உண்டு. அப்பா செங்கம் சாலை விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறார். கழனி முழுக்க அம்மாவின் பொறுப்பு. உழவுக்கு ஆள் சொல்வதும், நாற்று விடுவதும், மதகு திறக்கும் நாளில் வரப்பில் போய் நிற்பதும் அவள்தான். ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் சம்பா வீடு வந்து சேரும். ஏரிக்கு நீர் வராவிட்டால் எல்லாமே முடிந்தது. முந்தைய ஆண்டு பயிர் புகையான் பூச்சி தாக்கிப் பாதியாகிவிட்டிருந்தது. "இந்த சம்பாவும் போச்சுனா கழனிய வுட்டுட்டு லாட்ஜுல ரூம் கூட்டப் போறேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் எனக்கு அச்சமாக இருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் கால்வாயின் இரு கரையிலும் சுண்ணாம்புக் கோடு கிடந்தது. கால்வாயும் அதை ஒட்டிய புறம்போக்கும் சேர்த்து மண்ணடித்து மேடாக்கப்படும், பௌர்ணமிக்கு வருகிற பேருந்துகளும் வேன்களும் அங்கே நிற்கும் என்றார்கள். ஊராட்சிச் செயலரிடம் போனோம். ஊரில் அவரைக் கிளர்க்கு என்றுதான் அழைப்போம். எவரையும் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பாத மனிதர்.

"மேல இருந்து வந்த பிளானுமா. பௌர்ணமியில வண்டிங்க ரோட்டு மேலயே நிக்குது, ஜனங்க நடக்க வழியில்ல. சுதந்திர தினத்துக்குக் கிராம சபை இருக்கு பாருங்க, அதுல வெப்போம். ஆட்சேபணை இருந்தா அங்க சொல்லுங்க."

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "சொல்றத ஒரு பேப்பர்ல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு முன்னாடியே குடுத்துட்டா ஆவாதா?"

"பேப்பர கட்டோட கட்டா சொருவிடுவாங்கமா. பேசுனா கேட்டுத்தான் ஆவணும்."

"நீ பேசுனா கேப்பாங்கதான்."

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்படித்தான் சொன்னாளா என்று இன்று உறுதியாகத் தெரியவில்லை.

அடுத்த பத்து நாட்களும் நான் பேச்சைத் தயாரித்தேன், கூட்டத்தையும் தயாரித்தேன். ஆளில்லாத அரங்கில் பேச எனக்கு விருப்பமில்லை. வீடு வீடாகப் போனேன். எங்கள் கழனிக்கு அடுத்த கழனி ஒரு பெரியப்பாவுடையது. அப்பாவுக்குப் பங்காளி முறை. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பேச்சாளரம்மா, எலக்சன்ல நிக்கப் போறியா? எங்க வீட்ல நாலு ஓட்டு, சொல்லிட்டேன்."

"ஓட்டு வேணாம் பெரியப்பா. வந்து உக்காருங்க, போதும். வந்ததுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுடணும். ஆளு கம்மினா கூட்டமே செல்லாதுனு தள்ளி வெச்சிடுவாங்க."

"கையெழுத்து தானே? நூறு நாள் வேலைக்கு தெனம் போட்டுக்கினுதான் இருக்கறோம். இங்கயும் ஒன்னு போட்டுட்டுப் போறோம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் கையெழுத்துக்கு இருக்கும் பொருள் முழுவதும் அந்தச் சிரிப்பில் இருந்தது. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டில் காலையில் கையெழுத்துப் போட்டால், நான் வந்தேன் என்று அர்த்தம். நியாய விலைக் கடையில் போட்டால், வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். மேலே எழுதியிருப்பதை ஒப்புக்கொள்கிறேன் என்ற பொருளில் எங்கள் ஊரில் யாரும் எதிலும் கையெழுத்திட்டதில்லை. அப்படி ஒரு பொருள் உண்டு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதுமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதுகலை படிப்பவள் நான். சனநாயகம் என்ற சொல்லை எத்தனை மேடைகளில் உரக்கச் சொல்லியிருக்கிறேன்!

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கு எதிரே சாமியானா போட்டிருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அவ்வளவு கூட்டம் கிராம சபைக்கு வந்ததில்லை என்று கிளர்க்கே வியந்தார். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பார்வையாளராக ஓர் அதிகாரி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். தடித்த அட்டை போட்ட தீர்மான நோட்டு மேசையில் இருந்தது. எல்லோருக்கும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் கையெழுத்தை நான் போட்டேன். நோட்டு கைமாறத் தொடங்கியது. கிளர்க்கு அன்றைய பொருள்களின் தலைப்புகளை ஒரே மூச்சில் வாசித்தார்: குடிநீர், கொசு ஒழிப்பு, நெகிழி, இன்னும் பல, அவற்றின் நடுவில் வாகன நிறுத்துமிடம். பிறகு என்னை அழைத்தார்.

நான் நன்றாகப் பேசினேன். இதைத் தன்னடக்கம் கருதி மறைத்தால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. மலையுச்சியில் விழும் ஒரு மழைத்துளியில் தொடங்கினேன். அது பாறையில் வழிந்து, பாலத்துக்கடியில் நுழைந்து, கால்வாயில் கலந்து, ஏரியில் தங்கி, மதகில் இறங்கி, ஒரு நெற்கதிருக்குள் பாலாக மாறும் வரை அதன் பின்னாலேயே கூட்டத்தை அழைத்துப்போனேன். முன்வரிசை அதிகாரி கைப்பேசியைக் கீழே வைத்தார். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். பேசிக்கொண்டே நோட்டு நகர்வதையும் பார்த்தேன். மடிக்கு மடி தாவி அது கடைசி வரிசைப் பெண்களிடம் போய்க்கொண்டிருந்தது. என்னிடமிருந்து கண்ணெடுக்காமலேயே ஒவ்வொருவரும் கையெழுத்திட்டார்கள். அதையும் என் வெற்றியாகவே எண்ணினேன்.

நோட்டு அம்மாவிடம் வந்தது. அவள் உடனே கையெழுத்திடவில்லை. ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள். ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். பிறகு எழுந்து நின்றாள்.

நான் அப்போது உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். மூன்று கேள்விகளை அடுக்கி, நான்காவதில் குரலை இறக்கி முடிக்க வேண்டிய இடம். இரண்டாம் கேள்வி முடிந்திருந்தது.

"ஏங்க, இந்த நோட்டுல மேல ஒன்னுமே..." என்றாள் அம்மா.

என் வலது உள்ளங்கை தோள் உயரத்துக்கு எழுந்தது. விரல்கள் விரியவில்லை. கை நடுங்கவில்லை. பழக்கம் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது. கூட்டத்தில் சிலர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து "உக்காருமா, உம் பொண்ணுதான் பேசுது" என்றார்கள். அவள் என் கையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, பக்கத்திலிருந்தவளிடம் தந்தாள்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். நான்காவதில் குரலை இறக்கினேன். கைத்தட்டல் பள்ளிச் சுவரில் மோதித் திரும்பியது.

"எந்த காலேஜுமா நீ? கலெக்டருக்குப் படிக்கலாமே" என்று அந்த அதிகாரி கை கொடுத்தார். கிளர்க்கு எனக்குத்தான் முதல் டீயைத் தந்தார். என் பேச்சைப் படம்பிடித்தவர்கள் ஊர் வாட்சப் குழுவில் போட்டார்கள். மாலைக்குள் வேறு ஊர்களிலிருந்தும் கைகூப்பிய படங்கள் வந்தன. போட்டி மேடையில் பேச்சு முடிந்தால் தீர்ப்பு தானாக வரும். நடுவர்கள் காதால் கேட்டதை மதிப்பெண்ணாக மாற்றி அறிவிப்பார்கள். பேசியவள் உட்கார்ந்து காத்திருந்தால் போதும். நான் காத்திருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்: "நோட்டுல மேல ஒன்னும் எழுதலடி. வெறும் பக்கம்."

"அப்புறமா எழுதுவாங்கமா. இவ்ளோ பேரு கேட்டாங்களே, மாத்தியா எழுதிடுவாங்க?"

அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

ஆவணியில் டிப்பர் லாரிகள் வந்தன. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாலத்தின் வாயருகே இரண்டு லோடு கிராவல் கொட்டப்பட்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "நான் சொன்னத கொட்டறவன்மா. போயி பஞ்சாயத்துல கேளு" என்றார். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினேன். அம்மா கழனியிலிருந்து சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தாள். கிளர்க்கு எங்களை உட்காரச் சொல்லி, நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அழகான, சாய்வில்லாத கையெழுத்து. "வாகன நிறுத்துமிடம் அமைப்பதில் பொதுமக்களுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அதன் கீழே கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது.

"கால் மணி நேரம் பேசினேனே சார். ஆட்சேபணை இல்லாமயா பேசினேன்?"

"பேசினியேம்மா. யாரு இல்லன்னு சொன்னா? நானே கை தட்டினேன். ஆனா உன் பேச்சுக்கு நம்பர் இல்லையே. முன்னாடியே பொருள்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா அதுக்கு ஒரு நம்பர் போட்டிருப்பேன். வாயால சொன்னத எந்த எடத்துல எழுதறது? மேலயிருந்து டைப் அடிச்சு வர்ற பொருளுக்குத்தான் நம்பர் இருக்குது. அத்த அப்படியே நோட்டுல இறக்கறோம், கூட்டத்துல வந்தவங்க கையெழுத்த வாங்கறோம். எப்பவும் அப்படித்தானம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. என்னை ஏமாற்றியதாகவும் அவர் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த கிராம சபை அது. அன்றுவரை யாரும் அவரை வேறு ஒன்றைச் செய்யச் சொன்னதில்லை. சொல்ல எழுந்த ஒரே ஒருத்தியை நான் உட்காரவைத்தேன். அம்மா அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தின் மேல் சுட்டுவிரலை வைத்து, அது அங்கே இருப்பதை உறுதிசெய்துகொள்பவளைப் போலச் சற்று நேரம் பார்த்தாள். அவள் விரலில் இருந்த சேறு காகிதத்தில் ஒட்டியது. கிளர்க்கு அவசரமாக நோட்டை இழுத்துத் துடைத்தார்.

திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலுக்குப் போய் மனுக் கொடுக்கலாம். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் பலகை வைத்து அமர்ந்திருப்பார்கள். பெயர், ஊர், குறை, வேண்டுவது என நான்கே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களைத் தாண்டிப் போனேன். நான் எழுதியது நான்கு பக்கம். மழைத்துளி அதிலும் இருந்தது. மனுவை வாங்கியவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சுருக்கமா, இன்னா வேணும்மா?" என்றார். நான் வாய் திறந்தேன். அவர் மரியாதையாகவே எனக்குப் பின்னால் கைகாட்டினார். பெரிய வரிசை, கைக்குழந்தைகள், ஊன்றுகோல்கள், மடித்து மடித்துக் கிழிந்த காகிதங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். சில நாட்களில் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: கிராம சபைத் தீர்மானத்தின்படி பணி நடைபெறுகிறது, மனு முடிக்கப்பட்டது. நானே முதல் கையெழுத்திட்ட காகிதத்தைக் காட்டி என் மனுவை முடித்திருந்தார்கள்.

இரண்டாம் முறை என் பேச்சின் காணொளியைக் கொண்டுபோனேன். ஓர் அலுவலர் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார். திரையில் நான் வாயசைப்பது தெரிந்தது. கைதட்டுகிறவர்களும் தெரிந்தார்கள். "இது பேச்சும்மா. முந்தின தீர்மானத்த ரத்து பண்றோம்னு ஊர்ல ஒரு தீர்மானம் போட்டுக்கினு வாங்க. அது இருந்தா நான் ஃபைல திருப்பி எடுக்க முடியும்." அவர் சொன்னது தெளிவாக இருந்தது. ஏறக்குறைய அம்மா ஆடியில் சொன்னதும் அதுவே.

ஆகவே அக்டோபர் கிராம சபைக்கு ஒரே ஒரு பக்கம் எழுதி, முன்கூட்டியே கொடுத்து, எண்ணும் வாங்கினேன். மறுபடி வீடு வீடாகப் போனேன். பெரியப்பா வீட்டு முன்னால் புதுத் தள்ளுவண்டி நின்றது. நீலச் சாயம் இன்னும் காயவில்லை.

"வர்ற பௌர்ணமிலேர்ந்து பார்க்கிங்கு பக்கத்துல டீக்கட போடறேம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"உங்க கழனியும்தானே காயும் பெரியப்பா?"

"காயும். ஏன் காயாது? கழனி வருசத்துக்கு ஒரு தரம் குடுக்குது, அதுவும் மனசு வெச்சா. பௌர்ணமி மாசா மாசம் வருது. எம் பையன் படிச்சிட்டு சும்மா உக்காந்துக்கினு இருக்கான். நான் இன்னா பண்ணட்டும்? நீதான் பேசறவளாச்சே, பதில் சொல்லு."

எதிரணிக்கு மறுப்புரை சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும் என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நின்று நான் வெகு நேரம் யோசித்தேன். சாய வாடைதான் வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அக்டோபர் கூட்டத்துக்கு நாங்கள் ஒரு கை எண்ணிக்கைக்குள் அடங்கும் ஆட்களே வந்தோம். ஆள் போதவில்லை என்று ஒத்திவைத்தார்கள். அதற்கடுத்த கூட்டத்தின்போது ஊரே கார்த்திகை தீபத்துக்குக் கடை கட்டிக்கொண்டிருந்தது, சாமியானாவே போடவில்லை.

அம்மா கிணற்றில் கிடந்த தண்ணீரை நம்பி நடவு நட்டுவிட்டாள். அப்பா வேண்டாம் என்றார். "மழ வந்தா எப்படியாவது ஒரு வழி ஏரிக்கு வரும்" என்று சொல்லி அவள் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. ஐப்பசிக் கடைசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது, மலை தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியோடு அம்மா வெளியேறினாள். நானும் பின்னால் போனேன்.

மலைநீர் வந்துகொண்டுதான் இருந்தது. பாலத்துக்குள் நுழைந்து, மறுவாயில் கிராவல் மேட்டில் மோதி, சுழன்று, பாதையின் மேல் ஏறி, சாலையோரச் சாக்கடையில் விழுந்து ஊர்ப்பக்கம் ஓடியது. கிரிவலம் வந்தவர்கள் கணுக்கால் நீரில் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். மேட்டின் ஓரத்தில் அம்மா மண்வெட்டியைப் போட்டாள். உருளை ஓட்டி இறுக்கிய கிராவல். இரும்பு பட்டு மணியடித்ததைப் போலச் சத்தம் வந்தது. இன்னொரு வெட்டு. இன்னொன்று. நான் கையால் கல்லைப் பொறுக்கி எறிந்தேன். உள்ளங்கை கிழிந்தது, அந்த உள்ளங்கைக்கு அது தகும் என்று தோன்றியது.

நிறுத்துமிடத்துக் காவலாளி ஓடி வந்தார். அப்பா வயதிருக்கும், தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்திருந்தார்.

"யம்மா, நிறுத்துமா! மேஸ்திரி பாத்தா என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவான்மா!"

"உனக்கு வேல போவும். எனக்குக் கழனி போவுது. ரெண்டு பேரும் யாருகிட்ட போயி அழறது, சொல்லு?" வெட்டுவதை நிறுத்தாமலே அம்மா கேட்டாள்.

அவர் மண்வெட்டியைப் பிடுங்கவில்லை. அங்கேயே நனைந்துகொண்டு நின்றார். முழங்கை ஆழம் தோண்டுவதற்குள் மழை விட்டுவிட்டது, நீர் இறங்கிவிட்டது. தோண்டிய குழியில் கொஞ்சம் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது. மறுநாள் அதையும் மூடியிருந்தார்கள்.

அந்த ஆண்டு பக்கத்து ஊர் ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போயின. எங்கள் ஏரியில் மாடுகள் மேய்ந்தன. மார்கழியில் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்து இரைந்தது. பயிர் பொதி கட்டியிருந்த நேரம். உள்ளே கதிர் உருவாகிவிட்டிருந்தது, வெளியே வர ஈரமில்லை. அம்மா ஒரு தண்டை உரித்து எனக்குக் காட்டினாள். வெளுத்த, மெல்லிய கதிர், பிறக்காமலே இருந்தது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் பெரியப்பாவின் மாடுகளைத் தன் கழனிக்குள் விடச் சொன்னாள். அவர் மாட்டை ஓட்டிவந்து வரப்பில் நின்று, "இரு, இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். "பாத்தாச்சு, ஓட்டு" என்றாள். மாடுகள் மேய்ந்து முடியும் வரை அங்கேயே நின்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு என்னிடம் நிறையச் சொற்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் முன் வைக்கத் துணியவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் செங்கம் சாலை விடுதியொன்றில் அறை துடைக்கப் போனாள்.

குடியரசு தினக் கிராம சபைக்கு முந்தைய நாள் கிளர்க்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு வரவேற்புரை நீதான்மா. உன் பேச்சுனா கூட்டம் ஜாஸ்தி வருது. அன்னிக்கு அவ்ளோ கையெழுத்து விழுந்துச்சு பாரு." அவர் உண்மையாகவே பாராட்டினார். நான் பேசவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒத்திவைத்த கூட்டத்தோடு அந்த எண் முடிந்துவிட்டது, புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றார். அப்போதே எழுதி அவர் கையில் கொடுத்தேன். "நாளைக்குப் பொருள் எல்லாம் முடிஞ்சிருச்சேம்மா. அடுத்ததுல பாப்போம்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா விடுதியில் அரை மணி நேரம் அனுமதி கேட்டு வந்தாள். புடவையின் மேல் விடுதியின் நீல நிற மேல்கோட்டு. அதைக் கழற்றி மாட்ட நேரமில்லை. கைகளில் பினாயில் வாசனை. நானும் அவளுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். யாரோ ஒரு பள்ளி மாணவி மேடையில் பேசத் தொடங்கினாள், அழகாகப் பேசினாள். நோட்டு கைமாறத் தொடங்கியது.

அது அம்மாவிடம் வந்தது. ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள். ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். எழுந்தாள்.

"ஏங்க, இதுல மேல எழுதியிருக்கறத படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறோம்."

மேடையிலிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். கிளர்க்கு எழுந்து வந்தார். "இன்னும் எழுதலம்மா. எழுதினாத்தானே படிக்கறதுக்கு? முதல்ல வந்ததுக்குப் போட்டுடுங்க."

"எழுதலனா எதுக்கு அடியில போடணும்?"

"லாட்ஜுக்குப் போனதும் சட்டமெல்லாம் பேசுது பாரு" என்று முன்னாலிருந்த ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பாவும் பார்த்தார், அவர் சிரிக்கவில்லை. "நீ சொல்லும்மா, பேச்சாளரம்மா" என்றது ஒரு குரல். அத்தனை முகங்களும் எனக்காகக் காத்திருந்தன. எனக்குப் பழக்கமான அமைதி அது. நான் எழுந்தேன்.

"எங்கம்மா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் என் குரல் உடைந்தது. எந்த மேடையிலும் அது உடைந்ததில்லை.

கிளர்க்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விருப்பம் இல்லாதவங்க போட வேணாம். யாரையும் கட்டாயப்படுத்தல. தள்ளி வுடுங்க." அம்மாவின் கையிலிருந்து நோட்டை எடுத்து என்னைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் எங்களைப் பார்த்தாள். சங்கடமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மறுநாள் நூறு நாள் வேலை இருந்தது, அந்தப் பதிவேடும் கிளர்க்கிடம்தான். கையெழுத்துப் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். நோட்டு வரிசை வரிசையாக முன்னேறிப் பெரியப்பாவிடம் போயிற்று. அவர் பேனாவைப் பிடித்தபடி நீண்ட நேரம் வைத்திருந்தார். பிறகு அவரும் போட்டார். மேடையிலிருந்த பெண் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.

அம்மாவுக்கு அனுமதி நேரம் முடிந்துவிட்டது. மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாங்கள் மேசையைத் தாண்டி வெளியே போகும்போது நோட்டு அங்கே திறந்து கிடந்தது. மேல்பாதி வெள்ளையாக இருந்தது. கீழ்ப்பாதியில் எங்கள் இருவருக்குமான இடம் எங்கே விடுபட்டிருக்கிறது என்று தேடினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, இடைவெளியில்லாமல், கையெழுத்துகள் நிறைந்திருந்தன.